அரணுக்கு இசைவு

மௌலா அலியிலிருந்து செகந்திராபாத் சென்று மீளும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குக் கண்டோன்மெண்டின் நெடுஞ்சுவர்கள் புதியவை அல்ல. ஒருநாள் அச்சுவரோரம் செல்கையில் என் மகள், "இதைக் கட்டச் சொன்னது யார் அப்பா?" என வினவினாள். மத்திய அரசு அலுவலகத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு பழகியும் உடனே விடை கூற என்னால் இயலவில்லை.

அமெரிக்க நாட்டில் இராணுவக் கட்டுமானங்களுக்கு ஆண்டுதோறும் சட்ட அனுமதி பெறுகின்றனர். எந்தத் தளத்தில் எவ்வளவு செலவு என்னும் அட்டவணை அச்சட்டத்திலேயே இடம்பெறும். நிதியை ஒதுக்குவதற்கு வேறொரு சட்டம் வேண்டும். நம் நாட்டில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. இராணுவப் பொறியியல் பணித்துறை கட்டும் கட்டடங்கள் தனித்தனியே வாக்கெடுப்புக்கு வருவதில்லை. பாதுகாப்புத் துறையின் மானியக் கோரிக்கைகளுள் அடங்கிவிடுகின்றன. அரசியலமைப்பின் 113-ஆம் பிரிவின்படி மக்களவை ஒரு கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட இயலாது. பின்னர் 114-ஆம் பிரிவின்படி நிதி ஒதுக்க மசோதா வரும். மாநிலங்களவை அதனை 14 நாட்களுக்குள் திருப்பியனுப்ப வேண்டும். குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்ததும் அது சட்டமாகிறது.

ஏட்டளவில் இது செம்மையான முறையே. ஓர் உறுப்பினர் விரும்பினால், கோரிக்கையில் 100 ரூபாயைக் குறைக்குமாறு வெட்டுத் தீர்மானம் கொடுத்து, ஒரு குறிப்பிட்ட குறையை அவையில் எழுப்பலாம். ஒற்றைச் சுவரைப் பற்றியும் பேச அந்த நூறு ரூபாய் போதும்! ஆனால் நடைமுறையில், குறித்த நாள் முடிந்ததும் விவாதிக்கப்படாத கோரிக்கைகளை எல்லாம் ஒருசேர வாக்குக்கு விட்டுவிடுகின்றனர். 'கில்லட்டின்' என்பது அதன் பெயர். 2018-லும் 2023-லும் அனைத்துத் துறைகளின் கோரிக்கைகளும் அமளிக்கிடையே விவாதமின்றியே நிறைவேறின.

பாராமல் தந்த இசைவு இசைவாகுமா?

பாதுகாப்புக்கு மறைபொருள் தேவை என்பார் உளர். உண்மையே. எல்லைப்புறத்து அரணின் அமைப்பைச் சந்தையில் கூற இயலாது. ஆயினும், பகைவன் அறியலாகாது என்பது வேறு. இசைவு தருபவனே அறிய முற்படாமை வேறு. ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1903-ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டம் இன்றும் உள்ளது. இராணுவ அமைப்புகளைச் சுற்றியுள்ள நிலத்தில் பிறர் கட்டடம் எழுப்புவதைத் தடுக்க அது இடந்தருகிறது. அன்று நம் முன்னோரை எவரும் கேட்கவில்லை. இன்றோ, கேட்கும் ஏற்பாடு முழுமையாக இருந்தும் நம் பெயரால் அமர்ந்தோர் வாய்திறவாமல் இசைகின்றனர். இரண்டனுள் எதற்கு நாம் மிகுதியாக வருந்த வேண்டும்? பின்னதற்கே என்பது என் எண்ணம்.

வள்ளுவர் நாடு, அரண், பொருள்செயல்வகை, படைமாட்சி என்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரணுக்கும் படைக்கும் நடுவே பொருள் நிற்கிறது. அந்தப் பொருள் நம் வரிப்பணம்.

பிறரைக் குறைகூறுமுன் என்னையும் சொல்லிவிட வேண்டும். பேருந்துச் சீட்டு ஒன்று குறைந்ததென ஒருவரது பயணப்படிப் பட்டியலைத் திருப்பியனுப்பியவன் நான். அதே மார்ச்சுக் கடைசியில், மணி ஏழானதும், ஒரு கட்டுக் கோப்புகளில் படியாமலே சுருக்கொப்பமிட்டதும் நான்தான். அவற்றுள் தவறேதும் பின்னர் வெளிப்படவில்லை. அதனால் என் செயல் நேர்மையாகிவிட்டது என்று என்னால் எண்ண முடியவில்லை.

மகளிடம் இவ்வளவையும் கூறவில்லை. வரும் மார்ச்சில் மானியக் கோரிக்கைகளைப் பற்றி நாளிதழின் உட்பக்கத்தில் வரும் சிறு செய்தியை இருவரும் சேர்ந்து படிப்போம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.