மழை ஒன்று, மண் பல

 

ரஹ்மத்தாகிய மழை எல்லா நிலத்திலும் ஒன்றுபோலவே இறங்குகிறது. ஏற்கும் மண்தான் வேறு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாம் கொண்டுவந்த இல்மை மழைக்கும், அதைக் கேட்கும் மக்களை மூவகை நிலத்துக்கும் ஒப்பிட்ட ஹதீது புகாரி ஷரீபில் உண்டு. நீரைக் குடித்துப் பயிர் தருவது ஒன்று; தேக்கிப் பிறர் தாகம் தீர்ப்பது ஒன்று; தேக்காமலும் முளைப்பிக்காமலும் கிடப்பது ஒன்று.

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்து ஓய்ந்த நிலங்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். ஈயத்தைக் கழுவிய நீர் மணலை ஓரிடத்திலும் சேற்றை வேறிடத்திலும் படியவிட்டது. அந்த மணலில் நீர் நிற்பதில்லை. அந்தச் சேற்றில் எளிதில் இறங்குவதில்லை.

களியில் கொஞ்சம் மணலைக் கொட்டினால் சரியாகுமா? ஆகாது. ஒவ்வொரு மணலும் தனியே புதைந்து, நீருக்குக் குறுக்கே கல்லாக நிற்கும். மணல் மிகப் பெருகி, மணியோடு மணி தொட்டு, இடையில் இடுக்கு விட்டால்தான் நீர் ஓடும். மணலிலோ, 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய களித்துகள் சிறிது கலந்தாலே இடுக்குகள் அடையத் தொடங்கும்.

ஜமாஅத்தும் அவ்வாறே. நல்லவர் நால்வர் தனித்தனியே இருந்தால், இல்ம் நம் பிள்ளைகளின் வேரை எட்டாது. தோளோடு தோள் சேரவேண்டும். வியாபாரிகளாகிய நாம் இன்னொன்றையும் அஞ்சவேண்டும்: தராசில் கலக்கும் சிறு மோசடி, பரக்கத் வரும் வழியை அந்தக் களித்துகள் போல அடைத்துவிடும்.

யா அல்லாஹ்! எங்கள் கல்புகளை நீர் குடிக்கும் நன்னிலமாக்குவாயாக! ஆமீன்.