பாதையில் கேட்ட ஒரு கேள்வி



குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூருக்கு வாவியைக் கடந்தவர்களுக்கு அந்தப் பயணம் எப்படிப்பட்டதென்று தெரியும். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மீன் பெட்டியும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பலகைத் தளத்தில் நெருங்கி நிற்பார்கள். யார் எந்த ஊர், எந்தக் குடி என்று விசாரித்து முடியுமுன் படுவான்கரை வந்துவிடும். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு பயணத்தில் நடந்ததை, நமது வாலிபர் ஒருவர் என்னிடம் வந்து தலை குனிந்தபடி சொன்னார்.

அவர் கழுத்தில் மாதாவின் சுரூபம் தொங்கும் சங்கிலி கிடந்தது. அதைக் கண்ட பெரியவர் ஒருவர், “நீங்க வேதக்காரரா தம்பி? எவ்வளவு தந்தாங்க?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நமது வாலிபரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு, “சும்மா போட்டது ஐயா” என்றார். அவ்வளவுதான் நடந்தது. அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லையாம்.

தம் தாய்வழியில் நான்கு தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்று வந்த குடும்பம் அது. யாரிடமும் ஒரு சதமும் வாங்கியவர்களல்ல. அதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம்தான் நமக்குக் கிடைப்பதில்லை!

இராயப்பரை நினைத்துப் பாருங்கள். கெத்சேமனித் தோட்டத்தில் ஆயுதந்தாங்கிய கூட்டத்தின் முன் அவர் வாளை உருவினார். அவருக்குத் தைரியமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அதே மனிதர் தலைமைக் குருவின் முற்றத்தில், குளிருக்காக மூட்டிய கரி நெருப்பருகே, ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு மடங்கிப்போனார். கலிலேயப் பேச்சே அவரைக் காட்டிக்கொடுத்த பிறகும் மறுத்தார். வாளுக்கு அஞ்சாதவரை வாய்ப்பேச்சு வீழ்த்தியது. நம்மில் அநேகருக்கும் நேருவது இதுவே. வேதத்துக்காக உயிரைக் கொடுப்போம் என்கிறோம். கந்தோரில் மதியச் சோற்றுப் பொதியை அவிழ்க்கும்போது சிலுவை அடையாளம் போடக் கை எழும்புவதில்லை.

ஆனால் பெரியவரின் கேள்வியை வெறும் கேலி என்று தள்ளிவிடவும் கூடாது. அது இந்த நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போன கேள்வி. 2003ஆம் ஆண்டு, மென்சிங்கன் திருச்சிலுவைச் சகோதரிகள் தம் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்க ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதும் நோயாளரையும் வயோதிபரையும் பராமரிப்பதும் அவர்கள் பணி. அதை எதிர்த்து ஒருவர் வழக்காட, வேதத்தைப் பரப்புவதும் பொருளுதவி செய்வதும் ஒன்றாகச் சேர்ந்தால் அது வலியோரல்லாதவரை இழுக்கும் என்று கருதி, அந்த மசோதா அரசியலமைப்பின் 9ஆம், 10ஆம் உறுப்புரைகளுக்கு முரணானதென நீதிமன்றம் சொல்லிற்று. சகோதரிகள் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள். அவர்களுடைய சமய சுதந்திரம் மீறப்பட்டதென்று அக்குழு 2005இல் கண்டது. இத்தனைக்கும் நடுவில் சகோதரிகள் தங்கள் பணியை விடவில்லை. தங்கள் உடுப்பையும் மறைக்கவில்லை.

நம்மீது சொல்லப்படும் எல்லாமே அபாண்டமா? அதையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். 2004 மார்கழி 26இல் கடல் பொங்கிய பின், ஒரு கையில் நிவாரணமும் மறு கையில் துண்டுப்பிரசுரமுமாக வந்த சிலரை நமது கரையோர மக்கள் மறக்கவில்லை. அவர்கள் நம்மைச் சேர்ந்தவர்களல்ல என்று கையைக் கழுவுவது சுலபம். பார்ப்பவனுக்கோ சிலுவை எல்லாம் ஒன்றுதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட சமய சுதந்திர அறிக்கையிலேயே, ஏழைகளையும் படிப்பறிவு குறைந்தோரையும் நேர்மையற்ற வழியில் இணங்கச் செய்வது பிறர் உரிமையைப் பறிப்பதாகும் என்று திருச்சபை எச்சரித்துவிட்டது. ஆகவே அப்படிப்பட்ட குறையை எவராவது எடுத்துச் சொன்னால், கோபப்படாமல் ஒத்துக்கொள்வதும் விசுவாச அறிக்கையே.

இன்னொரு தவறான எண்ணமும் நம்மிடம் உண்டு. இந்துக்கள் நிறைந்த இடத்தில் இருப்பதால்தான் ஒளிக்க வேண்டியிருக்கிறது என்கிறோம். இல்லை, அன்பர்களே. சின்னக் கதிர்காமம் என்று பெயர் பெற்ற மண்டூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு ஆவணிப் பூரணைத் தீர்த்தத்துக்கு வரும் சனத்தைப் பாருங்கள். நேர்த்தி வைத்தவன் அதை ஊரறியச் செய்கிறான். வெறுங்காலோடு கதிர்காமத்துக்கு நடப்பவன் யார் சிரிப்பார்கள் என்று யோசிப்பதில்லை. பக்தி என்றால் என்னவென்று தெரிந்த சனம் அது. நமது புரட்டாசி மாதத்தில் ஆயித்தியமலைச் சதாசகாய மாதாவிடம் செபமாலையோடு நடக்கும் நம்மை அவர்கள் ஏளனம் செய்வதை நான் காணவில்லை. ஒளித்துத் திரிபவன்மீதுதான் சந்தேகம் வருகிறது: இவன் ஏதோ வாங்கியிருக்கிறான், அதனால்தான் மறைக்கிறான் என்று!

மட்டக்களப்பில் வெளிப்படையாக வாழ்ந்ததற்கு விலை கொடுத்தவரும் உண்டு. சந்திரா பெர்னாண்டோ அடிகளாரை மூத்தவர்கள் அறிவார்கள். புனித மரியாள் ஆலயப் பங்குக் குருவாகவும் பிரசைகள் குழுத் தலைவராகவும் இருந்து, பிள்ளையைத் தேடி அழுது வந்த தாய்மாருக்காகப் பேசினார். குருவானவருக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள். 1988 ஆனி 6ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். வந்த தாயின் நெற்றியில் திருநீறா, சிலுவையா என்று பார்த்துப் பேசியவரல்ல அவர். “எவ்வளவு தந்தாங்க?” என்ற கேள்விக்கு இப்படியும் ஒரு பதில் இருக்கிறது.

அந்த வாலிபர் என்னிடம் கேட்டார்: “சாமி, அந்தப் பெரியவரைத் திரும்பக் கண்டால் என்ன சொல்ல?” சண்டைக்குப் போகவேண்டாம், பிரசங்கமும் வேண்டாம் என்றேன். சங்கிலியை வெளியே விட்டுக்கொண்டு போய் வணக்கம் சொல்லுங்கள். அன்று பொய் சொன்னேன் ஐயா, நாங்கள் பரம்பரையாக வேதக்காரர், யாரும் எதுவும் தரவில்லை என்று சொல்லுங்கள். அதன்பின் அவர் பிள்ளைகளின் சுகத்தை விசாரியுங்கள்.

“அவர் நம்பாவிட்டால்?” என்றார்.

அவரை நம்பவைப்பது உமது வேலையல்ல என்றேன். பிறகு அருளப்பர் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து கொடுத்தேன். திபேரியாக் கடலோரம், விடியற்காலை. மறுபடியும் ஒரு கரி நெருப்பு, அதன்மேல் மீன். முற்றத்தில் மறுதலித்தவரை யேசு அந்த நெருப்பருகே கூப்பிட்டு, முதலில் சாப்பிடக் கொடுத்தார். கேள்வி கேட்டது அதன் பிறகுதான்.