ஏரியில் யாருடைய முறை?

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரக்கூடிய காரணங்களை வரிசையாகச் சொல்கிறது: வன உயிர்களைப் பற்றிய ஆய்வு, படம் எடுப்பது, அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு முறையான கொடுக்கல் வாங்கல். மனம் அடங்க வேண்டும், தனிமையில் கடவுளை நினைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் கிடையாது. பழவேற்காடு ஏரியில் துடுப்புப் படகில் போய் ஒரு திட்டில் கூடாரம் போட்டு இரவு தங்க ஆசைப்படுகிறவர் மனுவில் 'சுற்றுலா' என்றுதான் எழுத வேண்டியிருக்கும். எழுதிவிடலாம். ஆனால் பொன்னேரியைத் தாண்டிக் கிழக்கே வருகிற எல்லாருக்கும் வேடிக்கை பார்ப்பது மட்டுமே நோக்கமல்ல. ஆலைச் சங்கும் லாரி இரைச்சலும் எட்டாத இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும் என்ற தவிப்பும் உண்டு. அது சமயத் தேடலுக்குப் பக்கத்து வீடு. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அந்தத் தவிப்பு ஒருவருக்கு உள்ளே போகும் உரிமையைத் தருமா? தராது என்பது என் கட்சி. அதிகம் போனால் வரிசையில் ஓர் இடம் தரும்.

அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டுக் காட்டுநிலச் சட்டம் மனிதனை வந்துபோகும் விருந்தாளியாக மட்டுமே காட்டுக்குள் விடுகிறது. மினசோட்டாவில், கனடா எல்லையை ஒட்டிய 'பவுண்டரி வாட்டர்ஸ்' ஏரிகளில் இது நடைமுறையாகவே இருக்கிறது: ஒரு குழுவில் ஒன்பது பேர், நான்கு படகு, கோடைக்காலத்தில் இரவு தங்கப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு நுழைவிடத்துக்கும் நாளொன்றுக்கு இத்தனை சீட்டுதான் என்று கணக்கு. ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் அந்த நீரில் மரப்பட்டைப் படகு செலுத்தி, காட்டரிசி சேகரித்து வாழ்ந்தவர்கள் ஒஜிப்வே மக்கள். 1854 ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்தபோதும் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் உள்ள உரிமையைக் கொடுக்காதவர்கள். அவர்களை மறந்தால்தான் அந்த ஏரிகளை ஆளற்ற இடமாக நினைக்க முடியும். வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா 1989இல் எழுதிய கட்டுரை, காட்டை ஆளற்ற இடமாகக் காக்கும் இந்தக் கொள்கை இந்தியாவுக்கு வந்தால் ஏழையின் வாழ்வாதாரம் வசதியானவரின் ரசனைக்குக் கைமாறும் என்று எச்சரித்தது. நம் திணைப் பகுப்பில் நெய்தலுக்கு வருணன் உண்டு, பறவை உண்டு, யாழ் உண்டு, மீன் உணக்கும் பெண்ணும் உண்டு. மனிதரைக் கழித்துவிட்டு நிலத்தைப் பார்க்கும் பழக்கம் அதில் இல்லை. பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பழவேற்காட்டின் இன்றைய நிலையை அந்தப் பார்வை சரியாகப் பிடிக்கிறது.

ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமானது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டி வியாபாரம் நடத்தினார்கள். அவர்கள் கல்லறைகளில் முடிந்தார்கள், மீனவர்கள் வலையோடு இருக்கிறார்கள். அந்த மீனவர்களிடம் 'பாடு' என்ற முறை உண்டு. இறால் வரத்துள்ள இடங்களை நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம், கோட்டைக்குப்பம் ஆகிய ஊர்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஊருக்குள் தலைக்கட்டு வாரியாக முறை வரும். நல்ல இடம் யாருக்கும் நிரந்தரமில்லை. இன்று முறை இல்லாதவர் அந்த இடத்தில் வலை கட்டமாட்டார், இறால் கண்முன் ஓடினாலும். இதைப் பொருளாதார ஏற்பாடாகவே ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு சமய ஒழுக்கம் தெரிகிறது. பொதுவான ஒன்றின்முன் 'எனக்கு வேண்டும்' என்பதை அடக்கி 'என் முறை எப்போது' என்று கேட்கப் பழகுவதுதானே நோன்பு? மாலை போட்டு 41 நாள் விரதம் இருக்கிறவர், மலை ஏறுவதற்கு முன்பே பாதி யாத்திரையை முடித்துவிடுகிறார்.

படகுப் பயணத்துக்குத் திட்டம் போடுவதையும் அப்படித்தான் பார்க்கிறேன். ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். குளிர்காலத்தில் பூநாரைகள் மேய்கிற சேற்றுப் பரப்பில் தண்ணீர் இன்னும் குறைவு. படகு கிட்டப் போனால் கூட்டமே எழும்பும். இரை தேட வேண்டிய நேரம் பறப்பதில் போகும். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் மீனவரே கடலுக்குப் போகக்கூடாது. முகத்துவாரம் மணல் மூடினால் உப்பும் இறால் வரத்தும் மாறும், வலை கட்டும் இடமும் மாறும். 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. இத்தனையையும் விசாரிக்கிறவர், பறவையின் காலத்தையும் வலையின் நேரத்தையும் தன் விடுமுறைக்கு மேலே வைக்கக் கற்றுக்கொள்கிறார். விசாரித்து முடித்து 'இந்த மாதம் வேண்டாம்' என்று அவர் முடிவெடுத்தால், திட்டம் தோற்றதாக நான் நினைக்கமாட்டேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிற ஒருவர் இதைக் கேட்டால் சிரிக்கலாம். தெற்கே அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றை அடைத்திருக்கிறது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது, காட்டுப்பள்ளியில் துறைமுகம். இவற்றுக்கு நடுவே ஒற்றைத் துடுப்புப் படகுக்கு இவ்வளவு தர்ம விசாரணையா? நியாயமான கோபம். ஆலையின் குற்றமும் படகுக்காரரின் குற்றமும் ஒரே எடை என்று சொல்பவர், தெரிந்தோ தெரியாமலோ ஆலைக்கு வக்காலத்து வாங்குகிறார். ஆனால் பெரியவன் முறை தவறினான் என்பதால் முறையே இல்லாமல் போய்விடாது. முகத்துவாரத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் நிறுவனத்திடம் நாம் கேட்பது இதே கேள்வியைத்தான்: இங்கே ஏற்கெனவே இருப்பவர்களைக் கேட்டாயா? அதைக் கேட்கும் வாய், கூடாரம் அடிக்கும்போது மட்டும் மூடிக்கொள்ளக்கூடாது.

போய்ப் பார்த்தால்தான் நேசம் வரும், நேசித்தால்தான் காப்பாற்றுவார்கள் என்ற வாதம் பாதி சரி. கோவில்காடுகள் மறுபாதியைச் சொல்கின்றன. உள்ளே கால் வைக்காமல், சுள்ளி பொறுக்காமல் இருந்த பக்திதான் அவற்றைக் காத்தது.

பாடு முறையின்மீதே வைக்கப்படும் ஆட்சேபம்தான் கடினமானது. அதன் உரிமை பிறப்பால் வருவது. பட்டினவர் என்ற மீனவச் சமூகத்தின் தலைக்கட்டுகளுக்கு உரியது. அதே ஏரியிலும் ஓடைகளிலும் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் பங்கு இல்லை; பெண்கள் தலைக்கட்டில் எண்ணப்படுவதில்லை. இதை மழுப்ப முடியாது. நான் பாடுமுறையிலிருந்து எடுத்துக்கொள்வது அதன் உறுப்பினர் பட்டியலை அல்ல, முறைக்குக் காத்திருக்கும் வழக்கத்தை. பட்டியல் குறையுடையது என்றால் அதைத் திறக்க வேண்டும். திறந்தால் முதலில் வர வேண்டியவர்கள் இடுப்பளவு நீரில் நாள்முழுதும் நிற்கிற அந்த இருளர்கள். சென்னையிலிருந்து கூடாரத்தோடு வருகிறவர் அவர்களுக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை வனத்துறையின் அனுமதிச் சீட்டு சொல்லாது. குப்பத்துப் பஞ்சாயத்தும் இதுவரை சொல்லவில்லை.