வசந்தத்திற்கு முன் ஒரு தவம்

பகவத் கீதையின் 10ஆம் அத்தியாயத்தில் தமது விபூதிகளை எடுத்துரைக்கும் பகவான், பருவங்களுள் தம்மை வசந்தமாகக் குறிப்பிடுகிறார். வசந்தத்தை எவரும் வரவழைக்க இயலாது. அது இறைவனின் அருள். ஆயினும், அது வரும்போது தோட்டம் எந்நிலையில் இருக்கிறது என்பது தோட்டத்துக்குரியவரின் பொறுப்பேயாகும்.

காஷ்மீரத்தில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் இதனை நன்கறிவர். அங்கே துலிப் மலர்வது மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும். ஆனால் அதன் கிழங்கை ஊன்றும் காலமோ அக்டோபர், நவம்பர் மாதங்கள். பின்னர் டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் ‘சில்லாய் கலான்’ எனப்படும் கடுங்குளிர். தோட்டம் உறைந்து கிடக்கும். உயிரின் அடையாளம் எதுவும் வெளியே தென்படாது. எனினும் ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் குளிரில் கிடந்தாலன்றி, அக்கிழங்கின் தண்டு நன்கு நீள்வதில்லை, மலரும் குன்றிவிடும்.

சாதகனின் வாழ்விலும் இத்தகைய குளிர்காலம் உண்டு. ஜபம் நடைபெறுகிறது, அதில் சுவையில்லை. தியானத்தில் அமர்கிறான், மனம் வறண்டு கிடக்கிறது. ‘இத்தனை நாள் செய்தும் பயனில்லையே’ என்று அவன் சாதனையைக் கைவிடுவது, கிழங்கில் உயிர் உள்ளதா எனப் பார்க்க மண்ணைத் தோண்டுவதற்கு ஒப்பாகும். கண்ணுக்குத் தெரியாமல் அதுவரை ஊன்றியிருந்த வேர்களை அவனே அறுத்துவிடுகிறான்.

பொறுத்திருத்தல் என்பது வாளாவிருத்தல் ஆகாது. பனி உருகத் தொடங்கியதும், துளிர் விடுமுன், ரோஜாச் செடிகளைக் கவாத்து செய்தாக வேண்டும். பட்டுப்போன கிளைகளை வெட்ட எவரும் தயங்குவதில்லை. உள்நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று உரசும் பச்சைக் கிளைகளை வெட்டும்போதுதான் கை நடுங்குகிறது. அவை நீங்கினால்தான் செடியின் நடுவே வெயிலும் காற்றும் புகும். அவ்வாறே, தீயவை என்று தெரிந்த பழக்கங்களை விட முனைவோர் பலர். பொழுதை விழுங்கும் வீண் பேச்சையும், நற்பணியோடு பின்னி வளரும் புகழாசையையும் வெட்டத் துணிவோர் சிலரே.

கீதையின் 13ஆம் அத்தியாயம் இவ்வுடலை க்ஷேத்திரம், அதாவது வயல், என்று அழைக்கிறது. அவ்வயலில் ஊன்றுவதும் வெட்டிச் சீராக்குவதும் மனிதனின் கடமை. மலரச் செய்வது இறைவனின் திருவுள்ளம். இன்றைய தியானம் வறண்டிருப்பினும், நாளையும் அதே நேரத்தில் ஆசனத்தில் அமர்பவனே வசந்தத்திற்குத் தன் தோட்டத்தை ஆயத்தம் செய்பவன்.