முதல் ஆளுக்கு யார் கொடுத்தது?

சீடன்: ஐயா, சபை வரலாறு படிக்கையில் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். விசுவாசித்தவனுக்கே ஞானஸ்நானம் என்கிறோம். எனக்கு நீங்கள் கொடுத்தீர்கள், உங்களுக்கு ஒரு போதகர், அவருக்கு இன்னொருவர். இப்படியே பின்னால் போனால், பாப்டிஸ்டுகளில் முதல் ஆளுக்கு யார் கொடுத்தது?

குரு: அவரே தனக்குக் கொடுத்துக்கொண்டார்.

சீடன்: அதெப்படி?

குரு: 1609, ஆம்ஸ்டர்டாம். ஆள் பெயர் ஜான் ஸ்மித். கேம்பிரிட்ஜில் படித்து இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்றவர், லிங்கன் நகரில் பிரசங்கியாக இருந்தவர். அந்தத் திருச்சபை கிறிஸ்துவின் மெய்யான சபை ஆகாது என்று பிரிந்து, கெய்ன்ஸ்பரோவில் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்தார். அங்கே நிம்மதியாகத் தொழ வழியில்லை. கடல் தாண்டி ஹாலந்துக்குப் போனார்கள். முன்னின்று அழைத்துப் போனவர் தாமஸ் ஹெல்விஸ், சட்டம் படித்த நிலக்கிழார்.

அங்கே போன பிறகு ஸ்மித்துக்கு ஒரு யோசனை வந்தது. அந்தச் சபை பொய்யென்று விட்டு வந்தோம், அது குழந்தையில் நம் தலையில் ஊற்றிய தண்ணீரை மட்டும் மெய்யென்று வைத்துக்கொள்வது எப்படி? நம்பாத குழந்தைக்குக் கொடுத்தது ஞானஸ்நானமே அல்லவென்றால், இங்கே கூடியிருக்கும் ஒருவருக்கும் ஞானஸ்நானம் ஆகவில்லை. ஆகவே போதகர் பொறுப்பை இறக்கி வைத்தார், சபையையும் கலைத்தார். பிறகு எழுந்து தன் தலையில் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அடுத்து ஹெல்விஸுக்கு, அதன்பின் மற்றவர்களுக்கு.

சீடன்: ஊற்றிக்கொண்டாரா? முழுக்கு இல்லையா?

குரு: இல்லை. முழுக்கு இங்கிலாந்து பாப்டிஸ்டுகளிடம் 1640-களில்தான் வருகிறது. 1644-இல் லண்டன் சபைகள் தங்கள் விசுவாச அறிக்கையில் அதை எழுதி வைத்தன. முதலில் எழுந்தது ‘யாருக்கு’ என்ற கேள்வி. எவ்வளவு தண்ணீர் என்பதை முப்பது வருடம் கழித்துத்தான் பேசினார்கள். நம் ஆட்கள் தொட்டியின் ஆழத்தைப் பற்றியே பேசும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சீடன்: மன்னியுங்கள் ஐயா. தனக்குத்தானே தாலி கட்டிக்கொண்டது போலத்தான் இருக்கிறது.

குரு: அன்றைக்கும் ஏசினார்கள். ஸ்மித்துக்கே உறுத்தத் தொடங்கியது. ஆம்ஸ்டர்டாமிலேயே மென்னோனைட் சபையார் இருந்தார்கள். விசுவாசித்தவருக்கு மட்டுமே ஞானஸ்நானம் கொடுத்துவந்தவர்கள். ஸ்மித்தின் கூட்டம் குடியிருந்து தொழுததுகூட யான் முன்டர் என்ற மென்னோனைட்டுக்குச் சொந்தமான ரொட்டி சுடும் கட்டடத்தில்தான். மெய்யான சபை பக்கத்திலேயே இருக்க, அவசரப்பட்டு நானே ஊற்றிக்கொண்டேனே என்று வருந்தினார். 1610-இல் தன்னைச் சேர்ந்த பலரோடு அவர்களிடம் சேர விண்ணப்பித்தார்.

ஹெல்விஸ் சம்மதிக்கவில்லை. கொடுப்பவர் தொடர் அறாமல் வர வேண்டும் என்றால், அதைத் தேடிக்கொண்டு கடைசியில் ரோமாபுரிக்கே போய் நிற்க வேண்டும். யோவான் ஸ்நானகனுக்கு யார் கொடுத்தார் என்று திருப்பிக் கேட்டார். ஒரு சிறு கூட்டம் ஹெல்விஸோடு நின்றது. நண்பர்கள் பிரிந்தார்கள்.

சீடன்: நீங்கள் யார் பக்கம்?

குரு: இந்தக் கேள்வியில் ஹெல்விஸ் பக்கம். வாய்க்கால் பாசனத்தில் தலைமடை உடைந்தால் கடைமடை காயும். கிணற்றுக்கு அந்தக் கவலை இல்லை. தோண்டிய இடத்தில் ஊற்று இருந்தால் போதும்.

சீடன்: அப்படியானால் ஆளாளுக்குத் தோண்டுவார்களே ஐயா! தோண்டினவனெல்லாம் ‘என்னுடையதுதான் சபை’ என்பானே. ஒரே தெருவில் மூன்று பெயர்ப்பலகை தொங்குவது இதனால்தானே?

குரு: ஆமாம், இதனால்தான். அந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஸ்மித்துக்கு உறுத்தியதும் வீணாக அல்ல. ஆனால் அவர் செய்த இன்னொன்றையும் சேர்த்துப் பார். தான் செய்தது தவறோ என்று தோன்றியதும், பின்பற்றி வந்தவர்கள் முன்னிலையிலேயே ஒப்புக்கொண்டார். 1612-இல் சாகுமுன் எழுதியதில், மற்றவர்களைப் பற்றித் தான் கடுமையாகப் பேசியதற்கு வருந்தியிருக்கிறார். கிணறு தோண்டுகிறவனுக்கு அந்த மனசு வேண்டும். அது இல்லாமல் தோண்டுகிறவர்களால்தான் உன் தெருவில் மூன்று பலகை.

சீடன்: ஹெல்விஸ் என்ன ஆனார்?

குரு: ஊருக்குத் திரும்பினார். துன்பத்துக்குப் பயந்து ஓடிவந்ததே தவறு என்று அவருக்குப் பட்டது. லண்டன் மதிலுக்கு வெளியே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் கூடினார்கள். இங்கிலாந்து மண்ணில் முதல் பாப்டிஸ்ட் சபை அது. அந்த 1612-இலேயே லிச்ஃபீல்டில் எட்வர்ட் வைட்மன் என்பவரை உயிரோடு எரித்தார்கள். அவர்மேல் சுமத்திய குற்றங்களில் குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்ததும் ஒன்று.

அதே வருடம் ஹெல்விஸின் நூல் வெளிவந்தது. அக்கிரமத்தின் இரகசியத்தைப் பற்றிய நூல். ஒரு பிரதியில் அரசருக்குத் தன் கையாலேயே ஒரு குறிப்பு எழுதினார். வேத மொழிபெயர்ப்போடு பெயர் சேர்ந்த அதே ஜேம்ஸ் அரசருக்கு! அரசரும் சாகப்போகிற மனிதர், அழியாத ஆத்துமாமேல் அவருக்கு அதிகாரம் இல்லை என்பது சாரம். கீழே கையெழுத்தும் போட்டு, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்று இருப்பிடத்தையும் எழுதினார். அந்தப் பிரதி ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

சீடன்: ஞானஸ்நானத்தில் தொடங்கியவர் அரசரிடம் ஏன் போனார்?

குரு: இரண்டும் ஒரே கேள்விதான். பெற்ற தகப்பனே பிள்ளைக்காக விசுவாசிக்க முடியாதென்றால், அரசர் எப்படிக் குடிமக்களுக்காக விசுவாசிப்பார்? யூதர், துருக்கியர், வேதப்புரட்டர் எவரானாலும் விசுவாசத்துக்காக அரசு தண்டிக்கக் கூடாது என்று அந்த நூலில் எழுதினார். தன் சபைக்கு மட்டும் சலுகை கேட்டிருந்தால் நான் அவரை இவ்வளவு மதித்திருக்க மாட்டேன். நியூகேட் சிறையில் போட்டார்கள். 1616-க்குள் இறந்துவிட்டார்.

சீடன்: ஐயா, இதைக் கேட்டபின் ஒன்று சொல்ல வேண்டும். வரும் ஞாயிறு எங்கள் சபையில் ஏழு பேருக்கு ஞானஸ்நானம். அதில் ஒரு பையனுக்குப் பதினான்கு வயது. அப்பா சபை மூப்பர். “எங்கள் வீட்டில் பதினான்கில் எல்லோரும் எடுத்துவிடுவோம்” என்று பெயர் கொடுத்திருக்கிறார். வகுப்பில் பையன் கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்கிறான். முகத்தில்தான் ஒன்றும் இல்லை.

குரு: தொட்டியில் இறக்கினாலும் அது குழந்தை ஞானஸ்நானம்தான். அவனிடம் தனியாகப் பேசினாயா?

சீடன்: இல்லை. அப்பா எப்போதும் கூடவே வருகிறார்.

குரு: நாளைக்கே போ. அப்பாவைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டுப் பையனைத் தனியாகக் கேள். வேண்டாம் என்றோ, தெரியவில்லை என்றோ சொன்னால், ஞாயிற்றுக்கிழமை ஆறு பேருக்குக் கொடு.