பிறர் நேரம்

சதுரங்கப் போட்டியொன்றில் வென்று வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன், தன் வெற்றியின் கதையை வீட்டாரிடம் உற்சாகமாகச் சொல்லிக் கொண்டிருந்தான். நாமும் உடனிருந்தோம். எதிரே ஆடிய பெரியவர் காயை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தின் பொத்தானை அழுத்த மறந்து போனாராம். இவன் அதைக் கண்டும் வாய் திறவாமல், சிந்திப்பவன் போலத் தலை கவிழ்ந்திருந்தானாம். எட்டு நிமிடங்கள் அவர் கணக்கில் கழிந்தன. இறுதியில் அவருக்கு நேரம் போதாமற் போயிற்று. தந்தையின் முகம் மாறியதைக் கண்ட சிறுவன், "நான் பொய் ஒன்றும் சொல்லலையே வாப்பா! சட்டப்படி குற்றமில்லையே!" என்றான். தந்தை நம்மைப் பார்த்தார்.

சட்டத்தைப் பொறுத்தவரை பையன் சொன்னது சரிதான். ஆட்டக்காரர் பொத்தானை அழுத்தவில்லை என்பதை நடுவர் அவருக்குத் தெரிவிக்கலாகாது என்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதி கூறுகிறது. எதிராளி தெரிவித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நடுவரின் வாயைக் கட்டிய சட்டம், எதிரே அமர்ந்திருப்பவனை அவன் மனச்சாட்சியிடமே விட்டுவிட்டது.

கடிகாரம் எதற்காகப் பலகையருகே வந்தது? 1851இல் லண்டனில் நடந்த அனைத்துலகப் போட்டியில் கடிகாரமே இல்லை. எவரும் எவ்வளவு நேரமும் யோசிக்கலாம். அங்கே எலைஜா வில்லியம்ஸிடம் தோற்ற ஹோவர்டு ஸ்டான்டன், அவருடைய தாமதத்தைக் கடுமையாகக் குறைகூறினார். தோற்றவர் கூறும் குறையைச் சற்றுக் கழித்தே கொள்ள வேண்டும். ஆயினும் அதில் நியாயம் உண்டு. ஒருவன் யோசிக்க, மற்றவன் வாழ்நாளன்றோ செலவாகிறது! 1861இல் ஆண்டர்சனும் கோலிஷும் மோதியபோது மணற்கடிகாரங்களை வைத்து, 24 நகர்த்தல்களுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம் என வரையறுத்தனர். 1883ஆம் ஆண்டு லண்டன் போட்டியில், தராசுத் தண்டு போலச் சாயும் சட்டத்தில் இரு கடிகாரங்கள் பொருத்தப்பட்டன. ஒன்று ஓடினால் மற்றது நிற்கும். அவரவர் சிந்தனைக்கு அவரவர் நேரத்திலிருந்தே விலை கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாடு.

ஆகவே, சிந்தித்துச் சிந்தித்து நேரத்தைத் தீர்த்துக் கொண்டவன் தோற்பதில் அநீதி இல்லை. 2013இல் உலகப் பட்டத்துக்கு அறைகூவுபவரைத் தேர்ந்தெடுக்க லண்டனில் நடந்த போட்டியில், இவான்சுக் ஐந்து ஆட்டங்களை நேரம் தீர்ந்தே இழந்தார். அத்தகைய மேதைக்காக நம் நெஞ்சு இரங்கலாம். எனினும் அவர் செலவிட்டது அவருடைய நேரம். சிறுவனின் கதை அப்படியன்று. அந்த எட்டு நிமிடங்களும் ஆட வேண்டிய முறை அவனுடையது. விலை கொடுத்தவரோ பெரியவர். 1851இன் பழைய வழக்கு, அதைத் தீர்க்க வந்த இயந்திரத்தின் துணையோடேயே திரும்பி வந்துவிட்டது.

கடிகாரத்தைக் கவனிப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதானே, காயைக் காக்க மறந்தவனை நாம் எச்சரிக்கிறோமா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். சில நிமிடங்களே கொண்ட மின்னல் ஆட்டங்களில் கையின் விரைவே திறமை. அங்கே நாமும் இதற்கு இணங்குவோம். ஆனால் காயை வெட்டுவது பலகையின் மேல், இருவர் கண்ணெதிரே நடப்பது. இவன் தலை கவிழ்ந்து நடித்தது எதற்காக? நாவால் சொல்லாத பொய்யைக் கழுத்தால் சொல்லியிருக்கிறான்.

பாபி ஃபிஷரைப் பெருந்தன்மைக்கு எடுத்துக்காட்டாக எவரும் கூறார். அவருக்காக ஆட்ட நேரங்கள் மாற்றப்பட்டதைக் கண்டித்து, 1970இல் பால்மாவில் கடைசிச் சுற்றுக்கு அர்ஜென்டினாவின் பன்னோ ஆட வரவில்லை. வெள்ளைக் காய்களுக்குரிய ஃபிஷர், தம் கடிகாரம் ஓடப் பத்து நிமிடங்கள் காத்திருந்தார். பிறகு ஒரு காயை நகர்த்திவிட்டு, பன்னோவை அழைத்துவரத் தாமே எழுந்து போனார். பன்னோவின் கணக்கில் 52 நிமிடங்கள் கழிந்தபின் அவர் வந்து, ஆடாமலே தோல்வியை ஒப்புக்கொண்டார். முதலிடம் முன்பே ஃபிஷருக்கு உறுதியாகியிருந்தது என்பதையும் மறைக்கலாகாது. எனினும், உட்கார்ந்திருந்தாலே வந்து சேரும் வெற்றியை விட்டு அவர் எழுந்து போனார்.

இதைச் சிறுவனிடம் சொன்னோம். பேச வேண்டியதில்லை, விரலால் கடிகாரத்தைச் சுட்டினாலே போதும் என்றோம்.

"அப்படிச் செஞ்சு தோத்துப் போயிட்டா?" என்றான் அவன்.

"தோத்துட்டு வீட்டுக்கு வா" என்றார் தந்தை.