மீட்க வந்தவர்கள் செய்தது

கெடிலக் கரையில், உளுந்தூர்பேட்டை வட்டத்தில், சேந்தமங்கலம் இருக்கிறது. 1231-இல் சோழ வேந்தன் மூன்றாம் இராசராசன் சிறையிருந்தது இங்கேதான். சிறை வைத்த காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன், சோழருக்கு அடங்கி நடந்த குடியில் வந்தவன். உப்பிட்டவரை மறந்தவன் என்று அவனைத் திட்டுவது எளிது. பல வரலாற்று நூல்கள் அதைச் செய்தும் விட்டன.

அதே ஆறு கடலை நெருங்கும் இடத்தில் திருவந்திபுரம். அங்குள்ள கல்வெட்டைப் படித்தால் திட்டுவதில் ஒரு தயக்கம் வரும். சோழனை மீட்டு அரியணையில் நிறுத்தியவன் என்ற பெயர் வேண்டி, போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன் அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்ற இரு தண்டநாயகர்களை அனுப்பினான். கோப்பெருஞ்சிங்கன் படை நாட்டையும் கோயில்களையும் பாழாக்கியது என்று முறையிடும் அந்தக் கல், மீட்க வந்தவர்கள் செய்ததையும் மறைக்கவில்லை: ஊர்களை எரித்தார்கள், பெண்களைப் பிடித்தார்கள், கொள்ளையிட்டார்கள். பகைவன் சுமத்திய பழியென்றால் சந்தேகப்படலாம். இது வென்ற தரப்பின் பெருமைப் பட்டியல். கோட்டையை முற்றுகையிட அவர்கள் முனைந்தபோது காடவன் பணிந்து சோழனை விடுவித்தான். சிறைப்பட்ட ஒருவனுக்கு விடுதலை. எரிந்த ஊர்க்காரனுக்கு என்ன?

பெரிய அமைதிக்கு இந்த விலை கொடுத்தே ஆகவேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் கையில் இருக்கும் வலுவான சான்று ஜப்பான். அங்கே 1467-இல் மூண்ட உள்நாட்டுப் போர் நூறாண்டுக்கு மேல் நீண்டது. ஒவ்வொரு சிற்றரசனும் பக்கத்து நாட்டைத் தின்றான். நாட்டை ஒரு குடைக்கீழ் கொண்டுவர முனைந்த படைத்தலைவன் நொபுனாகா 1571-இல் ஹியெய் மலை மடங்களைத் தீயிட்டு, துறவிகளோடு பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றான். அவனுக்குப் பின்வந்த ஹிதெயோஷி 1588-இல் உழவர் கையிலிருந்த வாள்களைப் பறித்தான். 1600-இல் செகிகஹாராவில் வென்ற இயெயாசுவின் குடி இருநூற்றைம்பது ஆண்டு ஆண்டது. அதில் பெரும்பகுதி போரில்லாத காலம். அந்த அமைதியை அலட்சியமாகத் தள்ள முடியாது. படை மிதிக்காத வயலின் அருமை உழுதவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் ஹியெய் மலையில் வெந்தவர்கள் அந்த அமைதியில் ஒரு நாளும் வாழவில்லை. ஒரு தலைமுறையைக் கேட்காமல் கொன்றுவிட்டு, அடுத்த தலைமுறையின் நிம்மதியை அதற்கு ஈடாகக் காட்டுவது எந்த ஊர் நியாயம்? தீ வைத்த அன்று, பின்னால் என்ன விளையும் என்பது நொபுனாகாவுக்கே தெரியாது. 1582-இல் தன் தளபதி ஒருவனின் துரோகத்தாலேயே அவன் மாண்டான். பின்வந்தவர்கள் தோற்றிருந்தால் அவனும் வெறும் கொடியவனாகவே நின்றிருப்பான். சகலபுவனச் சக்கரவர்த்தி என்று தன்னை அழைத்துக்கொண்ட கோப்பெருஞ்சிங்கனுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை, அவ்வளவுதான். தில்லையில் கோபுரத் திருப்பணி செய்தவன், தமிழகத்தை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்திருந்தால் இன்று அவனுக்கும் சிலை வைத்திருப்போம். வெற்றியைப் பார்த்து அறம் பேசினால் இருவருக்கும் இரண்டு தீர்ப்பு கிடைக்கும். செய்த செயலைப் பார்த்தால் ஒன்றுதான்.

போசளர் மீட்டுக் கொடுத்த சோழ அரசு அரை நூற்றாண்டுகூட நிற்கவில்லை. இடையில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் படையெடுத்து வந்து சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டான்.